ஆரஞ்சு விளக்கு

ஜனவரி 6

தம்பிக்கு,

இன்று காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக, வரவேற்பு மேசைக்கு அடியில் குனிந்து பழைய கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. கொஞ்ச நாளாக இப்படித்தான் என் காலை தொடங்குகிறது. இரவெல்லாம் யாரும் வேலை செய்யவில்லை, ஆனாலும் சுட்டது.

நீ எப்படி இருக்கிறாய்? டீச்சருக்குப் பள்ளிக்கூடம் திறந்தாயிற்றா? நாத்தனார் விசாரித்தாள் என்று அவளிடம் சொல். வாயாடியிடம் அத்தைக்கு ஒரு வரி எழுதச் சொல். எனக்கு முழங்கால் வலியைத் தவிர குறை ஒன்றுமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் பராமரிக்கிற லிஃப்ட்டுகளின் சரித்திரம் முழுவதும் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. எந்தக் கட்டடத்தில் எந்தக் கயிறு எப்போது மாற்றினோம், எந்த பிரேக் தேய ஆரம்பித்திருக்கிறது, எல்லாம். அது போனால் தேய்ந்த கயிறு எங்கே தொங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. முதலாளி நேற்று என்னைக் கூப்பிட்டு, "ஒரு நல்ல சர்வரா நீங்களே பாத்து வாங்கிடுங்க. நீங்க படிச்சவங்க" என்றார். நான் படித்தது வரலாறு. அவருக்கு அது போதும் போலிருக்கிறது.

நீ ஆயிரக்கணக்கான சர்வர்களுக்கு நடுவில் வேலை செய்கிறவன். என்ன வாங்குவது என்று எழுது. போனிலேயே கேட்டிருக்கலாம்தான். ஆனால் அம்மா போன பிறகு நாம் போனில் பேசினால் இரண்டே நிமிடத்தில் "அப்புறம்?" "அப்புறம் ஒண்ணுமில்ல" என்று ஆகிவிடுகிறது. காகிதத்தில் அந்த வார்த்தை அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை.

காரியம் முடிந்து நீ கிளம்பும்போது வாசலில் நின்று, "இங்க தனியா என்ன பண்ணப் போற? எங்ககூட வந்துடு, பின்னாடி ரூம் சும்மாதான் கிடக்கு" என்று சொன்னாய். நான் அதை மறக்கவில்லை. யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அக்கா


ஜனவரி 27

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். முழங்காலை டாக்டரிடம் காட்டு, தள்ளிப் போடாதே.

கடைக்குப் போகாதே. முதலில் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும். உங்கள் டேட்டா மொத்தம் எவ்வளவு இடம் பிடிக்கிறது? ஒரே நேரத்தில் எத்தனை பேர் அதில் வேலை செய்வார்கள்? வைக்கிற இடம் எப்படி, பூட்டு உண்டா, தூசி வருமா, கரண்ட் அடிக்கடி போகுமா?

இன்னும் இரண்டு கேள்விகள். மற்றதைவிட இவை முக்கியம். இயந்திரம் நின்றுபோனால் அது இல்லாமல் எவ்வளவு நேரம் சமாளிப்பீர்கள்? கடைசியாகச் செய்த வேலையில் எவ்வளவு தொலைந்தால் தாங்குவீர்கள்? இதற்கு நேர்மையான பதில் கிடைத்தால் பாதி சர்வர் வாங்கியாகிவிட்டது.

சத்தத்தையும் மனதில் வை. போன வருஷம் பழைய சர்வர் ஒன்றைப் பழகிப் பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாயாடி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்பா, இந்த வீட்ல ஒண்ணு அது தூங்கணும், இல்ல நான் தூங்கணும். முடிவு பண்ணிக்கோ" என்றாள். டீச்சர் மகள் பக்கம். அன்றைக்கே அது வாசலுக்கு வெளியே செருப்பு அலமாரிக்குப் போய்விட்டது. ஆட்கள் உட்காரும் இடத்தில் வைக்காதே என்பதற்காகச் சொல்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

நீயும் டீச்சரும் வாயாடியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். டாக்டர் மாடிப்படி ஏறாதே என்கிறார். லிஃப்ட் அலுவலகத்தில் வேலை பார்ப்பவளுக்கு நல்ல வைத்தியம்தான்.

மாடிப்படி என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் மூத்த மெக்கானிக்குக்கு அதுதான் பட்டப்பெயர். ஊரில் உள்ள லிஃப்ட்டையெல்லாம் சரி செய்வார், ஒன்றிலும் ஏற மாட்டார். உன் கேள்வியை எல்லோரிடமும் கேட்டேன். முதலாளி, "ஒரு நிமிஷம்கூட அது இல்லாம முடியாது" என்றார். வரவேற்பில் இருக்கும் பெண், "அரை நாள் நின்னுச்சுன்னா எனக்கு ஜாலிக்கா" என்றாள். மாடிப்படி, "எனக்கு அது தேவையே இல்லம்மா. எல்லாம் தலைக்குள்ள இருக்கு" என்றார்.

"உங்களுக்கே ஒண்ணு ஆச்சுன்னா?"

"எனக்கு என்ன ஆகப்போவுது? நான்தான் லிஃப்ட்ல ஏறறதே இல்லையே!"

கடைசியில் நானே முடிவு செய்தேன். இரண்டு மணி நேரம் இல்லாமல் சமாளிப்போம். ஒரு நாள் வேலை தொலைந்தால் திரும்ப எழுதிவிடலாம், அதற்கு மேல் முடியாது. நாங்கள் ஒன்பது பேர். ஒரே நேரத்தில் உட்காருவது ஐந்தாறு பேர். டேட்டா எல்லாம் சேர்த்தாலும் ஒரு கைப்பேசிக்குள் அடங்கும். கரண்ட் போகும், வரும்.

இடம்தான் யோசனை. பூட்டும் குளிர்ச்சியும் உள்ள அறை ஒன்றே ஒன்று, பின்பக்கச் சாமான் அறை. அங்கேதான் நான் மதியம் சாப்பிடுகிறேன். முன்னால் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டு சாப்பிடுவார்கள். அம்மா போய் நான் திரும்பி வந்த வாரம், என்னைக் கண்டதும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். பாவம், அவர்கள் சாப்பாடு ஏன் கெட வேண்டும் என்று டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். நாலு நாளில் திரும்பியிருக்க வேண்டும். அப்படியே பழகிவிட்டது. இனி அந்த அறை சர்வருக்கு. ஒரு நாற்காலிக்கு இடம் மிஞ்சினால் போதும்.

உன்னுடைய அந்த இரண்டு கேள்விகளை வீட்டில் உட்கார்ந்து அம்மா இல்லாததற்கும் கேட்டுப் பார்த்தேன். 

அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். வேலை அதிகம், அதனால் தாமதம்.

உங்களுக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. பணத்தை எதில் போட வேண்டும் என்பதுதான் விஷயம். மெமரி தாராளமாக இருக்கட்டும். டேட்டா முழுவதும் அதில் அடங்கிவிட்டால் எல்லாம் பறக்கும். மெமரியில் சின்னத் தவறு நேர்ந்தால் தானே திருத்திக்கொள்ளும் வகை உண்டு, அதையே கேள். பிராசசர் சாதாரணமானதே போதும்.

டிஸ்க் ஒன்றல்ல, இரண்டு. ஒன்றில் எழுதுவது அதே நொடியில் மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது தனியாக இழுத்துக்கொண்டு போகும். கரண்ட் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கிற வகை டிஸ்க்காகப் பார். யு.பி.எஸ். கட்டாயம்.

ஜோடி டிஸ்க் இருக்கிறது, பேக்கப் எதற்கு என்று கடைக்காரர் சொல்வார். நம்பாதே. யாராவது தவறி அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். தினமும் தனியாக ஒரு நகல் எடுத்து வேறு கட்டடத்தில் வை.

இன்னொன்று. ஒரு டிஸ்க் போனால் வெளியே ஒன்றுமே தெரியாது. வேகம் குறையாது, எல்லோரும் வழக்கம்போல் வேலை செய்துகொண்டிருப்பார்கள். முதலில் கீச்சுக் குரலில் கத்தும். முன்பக்கம் பச்சை விளக்கு ஆரஞ்சாக மாறும். அவ்வளவுதான். யாரும் பார்க்காவிட்டால் அது பாட்டுக்கு ஒன்றிலேயே மாதக்கணக்கில் ஓடும். அதுவும் போகிற அன்றைக்குத்தான் தெரியும். அதனால் தினமும் அந்த விளக்கைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். ஒரு ஆள் இல்லை, இரண்டு. உனக்கு மட்டும் தெரிந்த வேலையாக இதை வைத்துக்கொள்ளாதே.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல். டீச்சருக்கு நான் தனியாக எழுதிய கடிதம் கிடைத்ததா?

சர்வர் வந்துவிட்டது! கடைக்காரரோடு மல்லுக்கட்டியதை நீ பார்த்திருக்க வேண்டும். ஆளுயர இயந்திரம் ஒன்றைத் தட்டிக்காட்டி, "இதுல ரெண்டாயிரம் பேர் ஒரே நேரத்துல வேலை செய்யலாம் மேடம்" என்றார்.

"நாங்க ஒன்பது பேருங்க."

"நாளைக்கு வளர மாட்டீங்களா?"

"இருக்கிற ஒன்பது பேருக்கே ஒரு டாய்லெட்தான்."

அதற்குப் பிறகு மனுஷர் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார். நீ சொன்ன மெமரியைப் பெயரோடு கேட்டதும், "இதெல்லாம் யார் சொன்னாங்க?" என்றார். "என் தம்பி" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வார்த்தையை இன்னொரு ஆளிடம் உரக்கச் சொன்னேன்.

சாமான் அறையில், என் நாற்காலிக்கு எதிரே அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பச்சை விளக்குகள். சாப்பிடும்போது அதன் இரைச்சல் கேட்கிறது. தொந்தரவாக இல்லை. யாரோ பக்கத்து அறையில் குளிப்பதுபோல இருக்கிறது.

முதலாளி வந்து பார்த்தார். "அஞ்சு வருஷம் தாங்குமா?" தாங்கும் என்றேன். "நீங்க இருப்பீங்கல்ல அதுவரைக்கும்?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

நேராகவே கேட்டுவிடுகிறேன். உன் வீட்டில் அந்தப் பின்பக்க அறை இன்னும் காலியாக இருக்கிறதா? நான் வந்தால் டீச்சருக்கு இடைஞ்சலாக இருக்குமா? இரண்டில் எதுவென்றாலும் சங்கடப்படாமல் எழுது.

அக்கா


ஏப்ரல் 25

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம்.

நீ வாங்கியது நல்ல தேர்வு. உன்னுடையதைப் போலவே டிஸ்க் போட்டு, அதே அமைப்பில் இங்கே ஒன்றை ஓடவிட்டிருக்கிறேன். உனக்கு ஏதாவது பிரச்சினை வந்தால் இதில் செய்து பார்த்துச் சொல்லலாம் அல்லவா? கட்டில் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். சத்தம் பழகிவிட்டது. நிறுத்தினால்தான் தூக்கம் வர மாட்டேன் என்கிறது.

பேக்கப் எடுத்தால் போதாது. அதிலிருந்து திரும்ப எடுக்க முடிகிறதா என்று ஒரு முறையாவது செய்து பார்க்க வேண்டும். செய்து பார்க்காத பேக்கப்பை இருப்பதாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. விடுமுறை நாளில் செய். அந்த வரவேற்புப் பெண்ணையும் கூட வைத்துக்கொள்.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி


மே 4

தம்பிக்கு,

மூவரும் நலமா என்று எழுத வந்து, பேனாவைக் கீழே வைத்துவிட்டு உன் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன்.

கட்டில் பக்கத்திலா? வாயாடி எப்படி ஒப்புக்கொண்டாள்? செருப்பு அலமாரிக்கே துரத்தினவள் ஆயிற்றே.

பேக்கப்பை ஞாயிற்றுக்கிழமை திரும்ப எடுத்துப் பார்த்தோம். முதல் முறை வெறும் காலிப் பெட்டிதான் வந்தது. ஆறு வாரமாகத் தவறான இடத்தை நகல் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். வரவேற்புப் பெண், "அக்கா, இத்தனை நாளா நாம காத்தையா பத்திரப்படுத்துனோம்?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திருத்திவிட்டோம். இரண்டாவது முறை எல்லாம் வந்தது. இப்போது அவளுக்கும் இது தலைகீழாகத் தெரியும்.

வாயாடியின் பிறந்தநாளுக்கு ஒரு பார்சல் அனுப்புகிறேன். வண்ணப் பென்சில்கள். தாமதமாகாமல் சேர வேண்டும்.

அக்கா


ஜூன் 12

தம்பிக்கு,

நலமா?

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போன் செய்தேன், அணைத்திருந்தது. வேலை இடத்தில் போனை வெளியே பூட்டி வைப்பார்கள் என்பது தெரியும். மாலையிலும் செய்தேன்.

பார்சல் சேர்ந்ததா? பென்சில்கள் அவளுக்குப் பிடித்தனவா? ஒரு வரி போதும்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. பல்லைப் பிடுங்கிக்கொள்ள இரண்டு நாள் லீவு போட்டேன். வீட்டில் படுத்திருந்தபோது அந்த இரைச்சல் இல்லாதது ஒரு மாதிரி இருந்தது. நீ எழுதியது புரிந்தது.

அக்கா


ஜூன் 30

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எல்லோரும் நலம். பார்சல் வந்தது. பத்திரமாக இருக்கிறது.

மழைக்காலத்தில் யு.பி.எஸ். பேட்டரியை ஒரு முறை சோதித்துவிடு. சுவரில் ஈரம் இறங்கினால் அலமாரியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போடு.

பல் எப்படி இருக்கிறது?

தம்பி


ஜூலை 14

தம்பிக்கு,

பல் போய்விட்டது, வலியும் போய்விட்டது. நீ எப்படி இருக்கிறாய்? உன்னை மட்டும்தான் கேட்கிறேன்.

நேற்று நடந்ததை எழுதுகிறேன். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். எதிரே சர்வர் மேல் மெக்கானிக் மாடிப்படியின் மழைக்கோட்டு கிடந்தது. மழை தொடங்கியதிலிருந்தே கிடக்கிறது. பின்னாலிருந்து சூடான காற்று வருகிறதாம், சீக்கிரம் காய்கிறதாம். பல தடவை சொல்லிவிட்டேன். "இதோ எடுத்துடறேம்மா" என்று எடுப்பார், மறுநாள் மறுபடி கிடக்கும். பல்லுக்கு லீவு போடும் முன்பே நானும் சொல்வதை விட்டுவிட்டேன். கோட்டின் கை இரண்டும் முன்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தன. நேற்று எனக்கு ஏனோ பொறுக்கவில்லை, எழுந்து போய் அதை இழுத்தேன். கைக்குப் பின்னால் ஒரு விளக்கு ஆரஞ்சாக எரிந்துகொண்டிருந்தது.

வரவேற்புப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்க பல்லுக்கு லீவு போட்டீங்கல்ல, அன்னைக்குக் கீச்சு கீச்சுன்னு கத்துச்சுக்கா. கடைக்காரருக்குப் போன் பண்ணேன். ஏதோ ஒரு பொத்தான அமுக்கச் சொன்னாரு, நின்னுடுச்சு. சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பேக்கப் எடுக்கக் கற்றுக்கொடுத்த நான், கத்தினால் என்ன அர்த்தம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கதவருகே மாடிப்படி நின்று கோட்டைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். "நான் கொன்னுட்டேனாம்மா அத?" என்றார். இல்லை, டிஸ்க் தானாகவே போயிருக்கும், நீங்கள் விளக்கை மறைக்க மட்டும்தான் செய்தீர்கள் என்றேன்.

ஒரு மாதத்துக்கும் மேலாக அது ஒன்றிலேயே ஓடியிருக்கிறது. ஒன்பது பேரும் அதில்தான் வேலை செய்தோம். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தினமும் அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட எனக்கும்.

இன்று காலை புது டிஸ்க் வந்தது. வரவேற்புப் பெண்ணையே பழையதை உருவிப் புதியதைச் செருகச் சொன்னேன். மிச்சமிருந்த டிஸ்க் தன்னிடம் இருந்ததையெல்லாம் அதற்குக் கொடுக்க ஆரம்பித்தது. அந்த நேரத்தில்தான் அதற்கு வேலை அதிகம், அப்போது அதுவும் போய்விடலாம் என்று கடைக்காரர் பயமுறுத்தினார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருப்பதால் அந்த வேலை ஒன்றும் வேகமாக முடிவதில்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே மாடிப்படி ஸ்டூலோடு வந்தார், கோட்டு இல்லாமல். மூன்று பேருக்கு அந்த அறையில் இடமே இல்லை. முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு சாப்பிட்டோம். "சத்தம் நல்லாத்தான்கா இருக்கு" என்றாள் அவள். மாலைக்குள் இரண்டு விளக்கும் பச்சையாகிவிட்டன.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்கள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் படித்தேன். "எல்லோரும் நலம்" என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறாய். பின்பக்க அறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பென்சில் பிடித்ததா என்று கேட்டால், பத்திரமாக இருக்கிறது என்கிறாய். கட்டில் பக்கத்தில் சர்வர் ஓடுகிறது, வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை.

டீச்சரும் வாயாடியும் எப்போது போனார்கள், ஏன் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மா காரியத்துக்கு நீ மட்டும் வந்தாய். பள்ளியில் லீவு கிடைக்கவில்லை என்றாய். அப்போதே போயிருந்தார்களா? "எங்ககூட வந்துடு" என்று வாசலில் நின்று சொன்னது என் தனிமைக்காக என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் உன்னிடம் மெமரியும் டிஸ்க்கும் கேட்டுக்கொண்டே இருந்தேன், நீயும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாய். அது என்னைப் போலவே உனக்கும் வேண்டியிருந்தது போல.

நான் வருகிறேன். லீவில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போக இல்லை, உன்னோடு இருக்க. அலுவலகத்துக்கு இனி விளக்கைப் பார்க்க இரண்டு பேர் இருக்கிறார்கள். முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. உன்னிடமும் இப்போது சொல்லப் போவதில்லை. சொன்னால் இங்கே எல்லோரும் நலம், நீ ஏன் சிரமப்படுகிறாய் என்று எழுதுவாய். அதனால் இந்தக் கடிதத்தை அஞ்சலில் போடவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, நீ கதவைத் திறந்ததும் உன் கையில் கொடுப்பேன். நீயாகச் சொல்கிற வரை எதையும் கேட்க மாட்டேன்.

சர்வரைக் கட்டில் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டாம். அந்தச் சத்தம் எனக்கும் பழகிவிட்டது.

அக்கா